பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி: 200 பேருக்குக் காய்ச்ச ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் பத்துப் பேருக்கு மணக்க மணக்கக் கஞ்சி காய்ச்சுகிறவர்கூட பள்ளிவாசல் அண்டாவின் முன் நின்றதும் தடுமாறுகிறார். காய்ச்சுகிறவரும் நோன்பாளி என்பதால் ருசி பார்த்துத் திருத்த வழியில்லை. அஸர் (பிற்பகல்) தொழுகை முடியும்போது வாசலில் தூக்குவாளிகள் வரிசையில் நிற்கும். அடி பிடித்துவிட்டால் இன்னொரு முறை காய்ச்ச நேரமும் கிடையாது. அதனால் இந்தச் சமையலில் நாக்கு செய்யும் வேலையை அளவும் கடிகாரமும் செய்ய வேண்டும். அடுப்பு பற்றவைக்கும் முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், கடலூர் முதுநகர், புதுச்சேரி முல்லா வீதி என்று நம் பக்கத்து ஊர்களில் பெரிய பள்ளிகளுக்குப் பழகிய பண்டாரி (சமையல்காரர்) இருப்பார். சின்னப் பள்ளிகளிலும், பண்டாரி வராத நாட்களிலும் ஜமாத்து இளைஞர்கள்தான் துடுப்பைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. ஷஅபானிலேயே (ரமலானுக்கு முந்தைய மாதம்) முடிக்க வேண்டியவை

முதலில் அரிசி. நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2001 முதல் நடக்கிறது. அது மாவட்ட நிர்வாகத்தின் வழியாக வருகிறது. நிர்வாகிகள் விண்ணப்பத்தை ரமலான் பிறக்கும்வரை தள்ளிப்போடக் கூடாது. அரிசி தாமதமாக வந்தால் முதல் சில நோன்புகளுக்குக் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு யாரும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது நாள் பட்டியல். ஒவ்வொரு நாள் கஞ்சிச் செலவையும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். பிறை (ரமலான் மாத நாள்) 1 முதல் 29 வரை பெயர் எழுதுங்கள். பிறை 30-க்கு ஏற்பவரிடம் மட்டும், அந்த நோன்பு வராமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் பணம் கொடுத்து மாதம் 29-இல் முடிந்துவிட்டால் அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெருநாள் இரவின் பரபரப்பில் கேட்கிற கேள்வி அல்ல அது.

முழு அரிசியாக வந்தால் மில்லில் கொடுத்து ஒன்றிரண்டாக உடைத்து வாங்குங்கள். உடைத்த அரிசி சீக்கிரம் வெந்து கரையும், விறகும் குறையும். ஆனால் மாதம் முழுவதற்கும் மொத்தமாக உடைத்துவிடாதீர்கள். உடைத்த அரிசியில் வண்டு சீக்கிரம் விழும். வாரத்துக்கு ஒரு முறை உடைத்தால் போதும்.

2. தண்ணீரைச் சோதியுங்கள்

புதியவர்கள் யாரும் யோசிக்காத இடம் இது. கடலோரத்தில் பல போர் தண்ணீர் உவர்ப்பு. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் (கைகால் கழுவும்) ஹவுள் தொட்டிக்கு அது போதும், கஞ்சிக்கு ஆகாது. உவர் தண்ணீரில் பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கரையாமல் முத்து முத்தாக நிற்கும். உப்புக் கணக்கும் தவறும்.

நோன்பு தொடங்கும் முன்பே ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை உங்கள் பள்ளித் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மசியவில்லை என்றால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஏற்பாடு செய்யுங்கள். பாத்திரம் கழுவ உவர் தண்ணீர், கஞ்சிக்கு நல்ல தண்ணீர் என்று இரண்டு டிரம்மைப் பிரித்து வைத்து மேலே எழுதி ஒட்டுங்கள். உதவிக்கு வருகிற பிள்ளைகள் கையில் கிடைத்த டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றிவிடுவார்கள்.

3. 200 பேருக்கான அளவு

ஒருவருக்கு 350 மில்லி என்று வைத்தால் 200 பேருக்கு 70 லிட்டர் கஞ்சி தேவை. அதற்கு:

உடைத்த பச்சரிசி 7 கிலோ, பாசிப்பருப்பு 1¾ கிலோ, வெந்தயம் 100 கிராம். வெங்காயம் 3 கிலோ, தக்காளி 2 கிலோ, இஞ்சி அரை கிலோ, பூண்டு முக்கால் கிலோ, பச்சை மிளகாய் கால் கிலோ, கேரட் 1 கிலோ. புதினாவும் கொத்தமல்லியும் ஐந்தைந்து கட்டு. எண்ணெய் 1 லிட்டர், நெய் கால் லிட்டர். பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றும் சேர்த்து 60 கிராம், பிரியாணி இலை ஒரு கைப்பிடி. மிளகாய்த் தூள் 50 கிராம், மஞ்சள் தூள் 25 கிராம். தேங்காய் 8. கைமா (கொத்துக்கறி) 2 முதல் 3 கிலோ. உப்பு 500 கிராம், ஆனால் ஒரே தடவையில் அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன். தண்ணீர் முதலில் 65 லிட்டர், கைவசம் வெந்நீராக இன்னும் 10 லிட்டர்.

வெந்தயம் வயிற்றுக்கு நல்லது என்று சிலர் இரண்டு மடங்கு போடுகிறார்கள். ஒரு கிலோ அரிசிக்கு 15 கிராமைத் தாண்டினால் கசப்பு முன்னே வந்து நிற்கும். பகல் முழுவதும் வறண்ட நாக்குக்கு அந்தக் கசப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும்.

தலைகளை எண்ணி மட்டும் கணக்கிடாதீர்கள். பள்ளியில் அமர்ந்து நோன்பு திறப்பவர் 80 பேர் என்றால், வீட்டுக்கு வாங்கிப்போகும் தூக்கு ஒவ்வொன்றும் நான்கைந்து பேருக்கானது. முதல் இரண்டு நாள் எத்தனை தூக்கு வருகிறது என்று ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அளவைத் திருத்திக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமையும் கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளும் கூட்டம் கூடும் நாட்கள். பிறை 26 அன்று மாலை, 27-ஆம் இரவு தொடங்குவதால், கால் பங்கு கூட்டியே காய்ச்சுங்கள்.

4. பாத்திரமும் அடுப்பும்

70 லிட்டர் கஞ்சிக்கு 100 லிட்டர் கொள்ளும் அண்டா வேண்டும். மேலே முக்கால் சாண் இடைவெளி இல்லாவிட்டால் பருப்பு நுரை பொங்கி அடுப்பில் விழும்.

பள்ளியில் பழைய செம்பு, பித்தளை தேக்சா இருந்தால் உள்ளே ஈயப் பூச்சு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிகிற தேக்சாவில் தக்காளி சேர்த்த கஞ்சியைக் காய்ச்சவே கூடாது. புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும், வாந்தியும் வயிற்றுவலியும் வரும். ஷஅபானிலேயே ஈயம் பூசி வாங்குங்கள். இல்லாவிட்டால் அடி கனத்த எவர்சில்வர் அண்டாவை வாடகைக்கு எடுங்கள்.

விறகுக்கு நம் பக்கம் சவுக்குதான். நின்று எரியும், எளிதில் கிடைக்கும். காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். பச்சைக் கட்டை புகைந்தால் நோன்பாளியின் கண்ணும் தொண்டையும்தான் பாடுபடும். வேண்டுமென்றே இழுக்காத புகையால் நோன்பு முறியாது. ஆனாலும் காய்கிற தொண்டைக்கு அது பெரிய வேதனை.

மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பும். அப்போது தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து அண்டாவின் ஓர் ஓரம் மட்டும் சூடேறும், அங்கேதான் அடி பிடிக்கும். அடுப்பின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தை நிறுத்தி மறைத்துவிடுங்கள். கேஸ் அடுப்பு என்றால் இன்னும் அவசியம். மறைப்பு காற்றைத் தடுக்க மட்டும்தான். சிலிண்டரை அதற்குள் அடைத்து வைக்காமல் அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள்.

5. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பிப்ரவரி, மார்ச்சில் நோன்பு வரும் ஆண்டுகளில் கடலூர்ப் பக்கம் மஃரிப் (நோன்பு திறக்கும் மாலைத் தொழுகை) பாங்கு ஆறேகாலை ஒட்டி இருக்கும். பள்ளியின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் நோன்பு பத்துப் பதினோரு நாள் முன்னே வருவதால் போன வருடக் கணக்கை அப்படியே எடுக்க முடியாது.

நீங்கள் முடிக்க வேண்டிய நேரம் மஃரிப் அல்ல, அஸர். வீட்டுக்குக் கஞ்சி வாங்க அஸருக்குப் பிறகுதான் வருவார்கள். ஷாபி, ஹனபி என்ற இரு சட்ட வழிமுறைகளில் அஸர் நேரம் வேறுபடும். ஷாபி பள்ளியில் அஸர் முன்னதாக வரும். ஹனபி பள்ளியில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிந்தும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பழகிய தம்பி உங்கள் பள்ளிக்கு உதவ வந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் வேலையைத் தொடங்கினால் வரிசை நிற்கும்போது கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்.

அஸர் ஜமாத் மூன்றே முக்கால் என்றால் என் கணக்கு இது. பதினொரு மணிக்கு நறுக்கத் தொடங்குவது. லுஹர் (நண்பகல்) தொழுததும் ஒரு மணிக்கு அடுப்பு. ஒன்றரைக்குள் தாளிப்பு முடிவது. இரண்டு, இரண்டேகாலுக்குத் தண்ணீர் கொதித்து அரிசி இறங்குவது. மூன்றே காலுக்குத் தேங்காய்ப் பால் ஊற்றித் தீயை இழுப்பது. மீதி அரை மணி நேரம் மூடி வைப்பதற்கு. அந்த அரை மணி நேரம் ஓய்வுக்கு மட்டுமல்ல, ஏதாவது பிசகினால் சரிசெய்யவும் அதுதான் இருக்கிறது. அதை நறுக்கும் வேலைக்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள்.

65 லிட்டர் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இன்னோர் அடுப்பு இருந்தால் பாதித் தண்ணீரைத் தாளிக்கும்போதே அதில் காயப்போடுங்கள். அரை மணி நேரம் மிச்சம்.

6. காலை வேலை

வெந்தயத்தைச் சஹர் (விடியலுக்கு முன் உண்ணும்) நேரத்திலேயே ஊறப்போடுங்கள். ஊறாத வெந்தயம் கஞ்சியில் கல்லாகவே கிடக்கும். அரிசியையும் பருப்பையும் கலந்து கழுவி, இறக்குவதற்கு அரை மணி நேரம் முன்பு ஊறவைத்தால் போதும். காலையிலேயே ஊறவைத்தால் வெயிலில் புளிப்பு வாடை வந்துவிடும்.

இஞ்சி பூண்டை அன்றன்றைக்கு அரைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு அரைத்து வைத்த விழுது கஞ்சியின் வாசனையையே கெடுக்கும். 70 லிட்டரில் அதை மறைக்கவும் முடியாது. பூண்டை முந்தின இரவு தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து உரித்துவிடலாம்.

கைமாவைக் காலையில் வாங்கியதும் பிரிட்ஜில் வைத்து, தாளிக்கும்போது எடுங்கள். இறைச்சி சாப்பிடாத அக்கம்பக்கத்தாரும் கஞ்சிக்கு வருவார்கள் என்றால், கைமாவைத் தனி வாணலியில் வதக்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கஞ்சியை ஒரு தேக்சாவில் எடுத்து வைத்த பிறகு அண்டாவில் கைமாவைச் சேர்க்கலாம். நம் ஊர்களில் கஞ்சிக்காகத் தூக்கோடு வருகிறவர்களில் மாற்று மதத்தவர் எப்போதும் உண்டு. அவர்களை "இன்று கறி இருக்கிறதே" என்று வெறும் கையோடு அனுப்புவதைவிட இந்த ஒரு தேக்சா வேலை பெரிதல்ல.

7. தாளிப்பு

எண்ணெய் காய்ந்ததும் நெய், பட்டை, கிராம்பு, ஏலம், இலை. பிறகு வெங்காயம். அது கண்ணாடி போல் ஆனால் போதும். பிரியாணிக்குப் போல் சிவக்கவிட்டால் கஞ்சி பழுப்பாகி இனிப்பு தட்டும்.

இஞ்சி பூண்டு விழுதைப் போட்டதும் தீயைக் குறையுங்கள். இங்கே அவசரப்பட்டால் இறுதிவரை பச்சை வாடை நிற்கும், எவ்வளவு கொதித்தாலும் போகாது. ருசி பார்க்க முடியாத நாளில் மூக்கும் கண்ணும்தான் துணை. விழுதின் காரமான நெடி மாறி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகே அடுத்தது.

இறைச்சிக் கஞ்சி மட்டும் என்றால் இப்போது கைமா. அப்படியே போட்டால் உருண்டை உருண்டையாகக் கட்டிவிடும். ஒரு பாத்திரத்தில் கைமாவுடன் இரண்டு குவளை பச்சைத் தண்ணீர் விட்டுக் கையால் கரைத்து, பிறகு ஊற்றிக் கிளறுங்கள். தூள் தூளாகப் பிரிந்து எல்லோருடைய கிண்ணத்திலும் கொஞ்சம் விழும். கட்டியாக நின்றால் முதல் பத்துப் பேருக்குத்தான் கறி.

அதன்பின் தக்காளி, பச்சை மிளகாய், கேரட், மஞ்சள், மிளகாய்த் தூள், பாதிப் புதினா, மல்லி. மீதிக் கீரை கடைசிக்கு. எல்லாவற்றையும் இப்போதே போட்டால் ஒரு மணி நேரக் கொதியில் மணம் ஆவியோடு போய்விடும்.

8. அரிசி இறங்கும் நேரம்

தண்ணீரை ஊற்றி மூடுங்கள். கொதி வரும்வரை அரிசியைத் தொடாதீர்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் கஞ்சியை அதிகம் கெடுப்பது இதுதான்: நேரம் போகிறதே என்று வெதுவெதுப்பான தண்ணீரில் அரிசியைக் கொட்டிவிடுகிறார்கள். கொதியாத தண்ணீரில் அரிசியும் பருப்பும் நேராக அடிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கொதியே அவற்றைத் தூக்கி விட்டுக்கொண்டிருக்கும்.

ஒருவர் சிறிது சிறிதாகக் கொட்ட, இன்னொருவர் நிறுத்தாமல் துழாவ வேண்டும். வெந்தயமும் இதோடு. முதல் கால் மணி நேரம் துடுப்பு ஓயக் கூடாது. துடுப்பின் நுனி அண்டாவின் அடியைத் தொட்டு இழுபட வேண்டும். மேலாகச் சுற்றுவது கைக்கு வேலை, கஞ்சிக்கு இல்லை. நடுவில் ஒரு இழுப்பு, ஓரத்தைச் சுற்றி ஒரு இழுப்பு என்று மாற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். நோன்போடு வெக்கையில் நிற்கிற ஒருவரிடமே துடுப்பை விட்டுவிடுவது கொடுமை. கை தளர்ந்தால் துழாவலும் மேலோட்டமாகிவிடும்.

மறு கொதி வந்ததும் விறகில் பாதியை இழுத்துவிடுங்கள். இனி மெல்லிய தீ. மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துத் திறக்க வேண்டும். அண்டா ஆவி கையில் பட்டால் தோல் கழன்றுவிடும். சிறு பிள்ளைகளை அடுப்பங்கரையிலிருந்து தள்ளி நிறுத்தி, நறுக்கும் வேலையோ கிண்ணம் துடைக்கும் வேலையோ கொடுங்கள்.

அடி பிடித்துவிட்டது என்பது துடுப்பில் தெரியும். அடியில் வழுக்காமல் சொரசொரவென்று தட்டும், லேசாகக் கருகல் வாடை வரும். அந்த நொடியே துழாவுவதை நிறுத்துங்கள். சுரண்டிவிடலாம் என்று அழுத்தினால் கருகல் முழுக் கஞ்சியிலும் கலந்துவிடும். தீயை முழுவதும் இழுத்துவிட்டு, மேல் கஞ்சியை அகப்பையால் மொண்டு வேறு அண்டாவுக்கு மாற்றுங்கள். அடியில் நாலு விரல் கஞ்சியை அப்படியே விட்டுவிடுங்கள். குறைந்த அளவை கைவசமுள்ள வெந்நீரால் சரிக்கட்டி, புதினாவைக் கூட்டிப் போட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். இதற்காகவே இன்னோர் அண்டா கழுவித் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் அரிசி உருத் தெரியாமல் குழைந்திருக்கும். பருப்பை ஒரு கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக மசிந்தால் வெந்தது.

9. ருசி பார்க்காமல் உப்பு

500 கிராமில் 400 கிராமைத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டுவிடுங்கள். 100 கிராமைக் கையிருப்பில் வையுங்கள். குறைந்த உப்பைக் கூட்டலாம், கூடியதைக் குறைக்க இந்தச் சமையலில் நேரம் கிடையாது. கைப்பிடி அளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கைப்பிடியில் ஒரே எடை வராது. சவுக்குக் கட்டையைக்கூட எடைபோட்டு வாங்குகிறோம், உப்பைக் கண்ணளவில் போடுகிறோம்.

அதோடு இரண்டு பேருக்கு ஒரே வேலையைக் கொடுக்காதீர்கள். உப்பு போடுவது ஒருவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "யாராவது போட்டாங்களா?" என்ற கேள்விக்கு இருவர் எழுந்து போட்டால் அன்றைய கஞ்சி அவ்வளவுதான்.

ருசி பார்க்க நோன்பு கடமையாகாத பிள்ளையையோ, நோன்பு பிடிக்க இயலாத பெரியவரையோ, பக்கத்துக் கடைக்கார அண்ணனையோ அழைக்கலாம். ஒவ்வொரு நாளும் அதே ஆளாக இருக்கட்டும். நாக்குக்கு நாக்கு உப்பு மாறும். ஆறவைத்த கஞ்சியைக் கொடுங்கள். கொதிக்கும் கஞ்சியில் உப்பு சரியாகத் தெரியாது. தேவை ஏற்பட்டால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து விழுங்காமல் துப்பிவிடலாம் என்று உலமாக்கள் சொல்வதுண்டு. நடைமுறையில் அதைச் செய்வதற்கு முன் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயத்தில், பிள்ளை ஒன்று கைவசம் இருக்கும்போது அந்தத் தேவையே எழுவதில்லை.

உப்பு கூடிவிட்டால் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், கஞ்சி பிரிந்து நீராகும். தனியாக ஒரு கிலோ அரிசியை உப்பில்லாமல் வேகவைத்துக் கரைத்துச் சேருங்கள். அரை மணி நேர இடைவெளி விட்டது இதற்கும்தான்.

10. தேங்காய்ப் பால் கடைசியில்

எட்டுத் தேங்காயையும் அரைத்து முதல் பாலைத் தனியாக, இரண்டாம் பாலைத் தனியாகப் பிழியுங்கள். இரண்டாம் பாலை அரிசி முக்கால் வெந்ததும் ஊற்றலாம், அது கொதி தாங்கும். முதல் பாலைத் தீயை இழுத்த பிறகே ஊற்ற வேண்டும். கொதியில் ஊற்றினால் திரிந்து எண்ணெயாக மிதக்கும்.

முதல் பாலைப் பிழிந்த உடனே சேர்த்துவிடுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற பால் புளித்து மொத்தக் கஞ்சியையும் கெடுக்கும்.

மீதிப் புதினா, மல்லியைத் தூவி மூடுங்கள். இறக்கும்போது கஞ்சி நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி நீர்த்தே இருக்க வேண்டும். மஃரிபுக்குள் அது இறுகிவிடும். இறுகியதைத் தளர்த்தத்தான் அந்த 10 லிட்டர் வெந்நீர்.

11. பங்கு பிரிப்பது

முதலில் பள்ளியில் நோன்பு திறப்பவர்களுக்கான பங்கை எடுத்துத் தனி அண்டாவில் மூடி வைத்துவிடுங்கள். வரிசையில் கொடுத்து மிஞ்சியது பள்ளிக்கு என்று விட்டால், வழிப்போக்கரும் வேலைக்கு வந்த வெளியூர்க்காரரும் வெறும் பேரீச்சம்பழத்தோடு எழ வேண்டியிருக்கும். அவர்களுக்கு வீட்டில் சமையல் இல்லை, இந்தக் கஞ்சிதான் இரவுச் சாப்பாடு.

ஒரே அளவுக் குவளை வையுங்கள். ஆள் அதிகமுள்ள வீட்டுக்கு இரண்டு, சின்ன வீட்டுக்கு ஒன்று. தூக்கின் அளவைப் பார்த்து ஊற்றினால் பெரிய வாளி கொண்டுவந்தவருக்கு லாபம், கடைசியில் நிற்கிற கிழவிக்கு ஒன்றும் இராது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தனி வரிசை போடுங்கள். நோன்போடு வெயிலில் நிற்கிறார்கள் என்பதை மொண்டு ஊற்றுகிறவர் மறக்கக் கூடாது.

பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தராதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. சூடான கஞ்சியை மெல்லிய பையில் ஊற்றுவது எப்படியும் தவறு. தூக்கு கொண்டுவராதவருக்குக் கொடுத்து மறுநாள் வாங்கிக்கொள்ளப் பள்ளியில் பத்து எவர்சில்வர் தூக்கு இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

12. கிண்ணத்தில் ஊற்றும் நேரம்

பாங்குக்கு இருபது நிமிடம் முன்பு கிண்ணங்களில் ஊற்றிவிட வேண்டும். பாங்குக்கும் மஃரிப் ஜமாத்துக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். அப்போது அண்டாவிலிருந்து மொண்டு கொடுத்தால் ஊதி ஊதிக் குடிக்கவே நேரம் போதாது. பாதிக் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்து போவார்கள். ரொம்ப முன்னே ஊற்றினால் மேலே ஏடு படிந்து ஆறிவிடும்.

பேரீச்சம்பழமும் தண்ணீரும் கிண்ணத்துக்கு முன்னே இருக்கட்டும். நோன்பைத் திறப்பது அதில்தான், கஞ்சி பிறகு. வடை, சமோசா, புதினாத் துவையல் எல்லாம் தட்டில் ஓரமாக. வடையைக் கஞ்சியில் போட்டு ஊறவைத்துத் தராதீர்கள், அது அவரவர் விருப்பம்.

மிஞ்சிய கஞ்சியை இரவு முழுவதும் அண்டாவிலேயே மூடி வைத்துச் சஹருக்குக் கொடுப்பது ஆபத்து. தேங்காய்ப் பாலும் இறைச்சியும் சேர்ந்த கஞ்சி சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். தராவீஹுக்கு முன்பே பகிர்ந்து முடித்துவிட்டு, அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுங்கள். காய்ந்த அண்டாவை மறுநாள் தேய்ப்பது இரண்டு மடங்கு வேலை.

13. 29-ஆம் நோன்பும் பெருநாளும்

29-ஆம் நோன்பன்று வழக்கமான கஞ்சிதான். 30-க்கான பருப்பு, மசாலாவை வாங்கி வைக்கலாம். கைமா, புதினா, தேங்காயை வாங்காதீர்கள். பிறை அறிவிப்பு அன்று மாலைதான் வரும். மறுநாள் நோன்பு என்றால் காலையில் வாங்க நேரம் இருக்கிறது.

பிறை தெரிந்துவிட்டால் கஞ்சிக் கொட்டகையின் வேலை ஃபித்ரா (பெருநாள் தர்ம) அரிசிக்கு மாறும். பெருநாள் தொழுகைக்கு முன்பே அது உரியவர்களிடம் போய்ச் சேர வேண்டும். நம் பக்கத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ அரிசி என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் ஜமாத் அறிவிக்கும் அளவைப் பின்பற்றுங்கள். யாருக்கு எத்தனை பை என்ற பட்டியலை 27, 28-லேயே எழுதி, பைகளைக் கட்டி வைத்துவிட்டால் பிறை இரவில் வீடு வீடாகக் கொண்டுபோவது மட்டும்தான் மிச்சம். காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், பெருநாள் சமையலுக்கு எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்குத் தொழுகை முடிந்த பிறகு அரிசி போகும்.

கஞ்சிக்கென்று வந்த அரிசியையும் பணத்தையும் ஃபித்ராவோடு கலக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு அமானிதம் (நம்பி ஒப்படைத்த பொருள்). மிஞ்சியதைத் தனி மூட்டையாகக் கட்டி, எடை எழுதி, நிர்வாகியிடமும் இமாமிடமும் காட்டி என்ன செய்வது என்று கேளுங்கள்.

வாடகை அண்டா, கரண்டிகளை எண்ணி அன்று இரவே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். பெருநாள் காலையில் பிரியாணிக்காக அதே பாத்திரங்களைக் கேட்டு ஆள் வரும். பள்ளியின் சொந்தத் தேக்சாவில் ஈயம் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து ஏட்டில் குறித்து வையுங்கள். வரவு செலவுக் கணக்கை, கடைசி நாள் மளிகைச் சீட்டு உட்பட, பெருநாள் தொழுகைக்கு வருகிறவர்கள் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போங்கள்.